உம்சிலிங்கா

இருபது சென்ட் நாணயத்தில் இருக்கும் பூவை
சாட்ஸ்வொர்த்தில் யாரும் செடியில் பார்த்ததில்லை.
புரோட்டியா. நாட்டின் பூ.
தாமரைக்கு மரத்தோல் தடித்தாற்போல் இருக்கும்.
கேப் மலைகளில் பூக்கும்.
இங்கே கிரிக்கெட் சட்டையில் பூக்கும்.

நாட்டின் மரம் யெல்லோவுட்.
மஞ்சள் மரம் என்று தமிழாக்கிச் சொன்னேன்
மாரியம்மன் கோயில் செயலாளர் பூபாலனிடம்.
"மஞ்சளா? அப்ப அம்மனுக்கு ஆகுமே" என்றார்.
உரசினால் நிறம் வராது என்றேன்.

மாநகராட்சியில் என் வேலை
அந்நியத் தாவரங்களை அடையாளம் காண்பது.
ஆரஞ்சு வண்ண டப்பா, தூரிகை, ஒரு படிவம்.
நான் பெருக்கல் குறி போட்டால்
மறுவாரம் துலானி ரம்பத்தோடு வருவான்.
கோயில் பின்புறத்துச் சிரிங்கா மரத்தில்
நெஞ்சுயரத்துக்குக் குறி போட்டேன்.
ஈர வண்ணம் கொஞ்சம் வழிந்தது.

"நாங்களும் கப்பலில் வந்தவங்கதானேம்மா…"
அதை மட்டும் சொல்லாதீர்கள் ஐயா,
இந்த வாரம் நீங்கள் மூன்றாவது ஆள்.
மரம் மரம். மனுஷர் மனுஷர்.
இதன் பழத்தைப் புல்புல் தின்று
ஓடைக்கரை நெடுக எச்சமிடுகிறது.
அங்கே வேறெதுவும் தலையெடுப்பதில்லை,
முழங்காலிட்டு எண்ணியிருக்கிறேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு:
"வேம்பு எங்களுக்கு இங்கே வாய்க்கலை.
இதையே வேம்புன்னு கும்பிட்டோம்.
அம்மனும் ஒண்ணும் சொல்லலை."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன்:
சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி,
பாண்டியனுக்கு வேம்பு.
பகையூர் புகுந்தவன் முதலில்
காவல் மரத்தை வெட்டுவான்,
அடிமரத்தில் முரசு செய்வான்.
பத்து மதிப்பெண் கேள்வி.
எந்த அரசன் வெட்டினான் என்று கேட்டார்கள்.
கோடரி பிடித்தவனுக்குக் கூலி என்ன,
அவன் அன்றிரவு எங்கே படுத்தான்
என்று கேட்கவில்லை.

ஆடி இங்கே குளிர்காலம்.
இலையெல்லாம் உதிர்த்து
மஞ்சள் காய் மட்டும் கொத்துக்கொத்தாய் நின்றது மரம்.
கூழ் காய்ச்சிய பெண்கள்
அதன் இடுப்புத் துணியைத் தாங்களே அவிழ்த்தார்கள்.
அழவில்லை.
துலானிக்கு ஒரு தூக்குவாளிக் கூழ் கொடுத்தார்கள்.
குடித்துவிட்டு, மரத்தைத் தட்டி,
"உம்சிலிங்கா" என்றான். ஜூலுவில் அதன் பேர்.
"லிங்கமா?" என்று ஒருத்தி வாயில் கை வைக்க
எல்லோரும் சிரித்தோம்,
ரம்பம் உறுமும்வரை.

வெட்டுமுகத்தில் நீல மருந்து பூசினோம்.
பதிலுக்கு இரண்டு யெல்லோவுட் கன்றுகள்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு.
நிழல் விழ எத்தனை வருஷமாகும் என்றார் பூபாலன்.
சொன்னேன்.
தன் வயதோடு கூட்டிப் பார்த்தாரோ என்னவோ,
பேனா மூடியைத் தேடத் தொடங்கினார்.

அக்டோபரில் மறு ஆய்வு.
அடிக்கட்டை செத்திருந்தது, நீலம் வெளுத்து.
பன்னிரண்டடி தள்ளி, வேலிக்கு அப்பால்,
யாரும் கேட்காமல்
வேரிலிருந்து ஒரு தளிர்.
விரற்கடை இலைகள், எண்ணெய் தடவிய பச்சை.

அன்று காலைதான் என் மகள் நெரிஷாவுக்கு
முதுகில் நான்கு கொப்புளங்கள்.
சின்னம்மை, லோஷன் போதும் என்றார் டாக்டர்.
நான் தாவரவியல் படித்தவள்.
லோஷன் வாங்கினேன். பூசினேன்.
அவள் சொறியாமலிருக்கக் கைக்குச் சாக்ஸ் மாட்டினேன்.

துலானி வண்டியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான்.
வேலியைத் தாண்டினேன்.
மாதிரி சேகரிக்கும் பையைத் திறந்தேன்.

இரவு கட்டிலைச் சுற்றிக் கசப்பு வாசம்.
"இது என்ன இலைம்மா?" என்றாள் காய்ச்சலில்.
வேம்பு என்றால் பொய்.
சிரிங்கா என்றால் நான் போட்ட குறி நினைவுக்கு வரும்.
துலானி சொன்ன பேரைச் சொன்னேன்.
இரண்டுமுறை சொல்லிப் பார்த்துத் தூங்கிவிட்டாள்.

சமையலறை விளக்கில் படிவத்தை நிரப்பினேன்:
மறுதளிர்ப்பு: உண்டு.
அகற்றியது: ஒரு கைப்பிடி.